கூறு அண்ணாச்சி

திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட் பக்கம் காய்கறி வாங்கப் போனவர்களுக்குக் கூறு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. தரையில் சாக்கை விரித்து, கத்தரிக்காயையும் மாங்காயையும் குத்துக் குத்தாகக் குவித்து வைத்திருப்பார்கள். தராசு கிடையாது, எடைக்கல் கிடையாது. கூறு இருபது ரூபாய். எடுத்தால் மொத்தமாக எடு, இல்லையென்றால் நகரு, பின்னால் ஆள் நிற்கிறது. மேலே நாலு காய் எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும். அடியில் இருப்பதை வீட்டுக்கு வந்து முறத்தில் கொட்டும்போதுதான் பார்க்கக் கிடைக்கும்.

அந்த மண்ணில் பிறந்து வளர்ந்து, இருபத்தைந்து வருடமாக அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்து எடிசனில் குடியிருக்கும் ஒருவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பெயர் வேண்டாம். எங்கள் வட்டாரத்தில் அவர் கூறு அண்ணாச்சி. அவர் கூறு கூறாக வாங்குவது காய்கறி அல்ல, சினிமாப் படம்.

மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் ஓடிடி வேறு, இது வேறு. 2006இல் ஐடியூன்ஸ் கடையில் ஆப்பிள் சினிமா விற்க ஆரம்பித்ததிலிருந்து, வட்டு, டப்பா எதுவும் இல்லாமல், படத்தை மட்டும் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் அமெரிக்காவில் இருக்கிறது. காசு கொடுத்தால் உங்கள் கணக்கில் ஒரு சின்னப் போஸ்டர் வந்து உட்காரும். அதைத் தொட்டால் படம் ஓடும். ஒரே வரிசைப் படங்கள் நாலைந்தைச் சேர்த்து ஒரு விலை போட்டால் அதற்குப் பண்டில் என்று பெயர். அண்ணாச்சி பாஷையில் கூறு.

இவர் ஒருத்தர்தானா என்றால், இல்லை. இந்த வகையறா தமிழர் குடியிருக்கும் ஒவ்வொரு அமெரிக்க ஊரிலும் ஒன்றிரண்டு உண்டு. பகலில் கம்ப்யூட்டர் உத்தியோகம். நாலு பேர் கூடும் இடத்தில் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அது எவ்வளவுக்கு வாங்கினீங்க?" என்று கேட்பவர்கள். நீங்கள் தொகையைச் சொன்னதும் உதட்டைப் பிதுக்கி, "அடடா, கொஞ்சம் பொறுத்திருக்கலாமே" என்பார்கள். அன்றைக்கு நீங்கள் சாப்பிட்ட பாயசம் இனிக்காது.

அண்ணாச்சியிடம் இப்போது 612 படங்கள் இருக்கின்றன. இது என் கணக்கு அல்ல, அவரே எக்ஸெல்லில் போட்டு வைத்திருக்கும் கணக்கு. அதில் படத்தின் பெயர், வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய விலை என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'வ.எ.' என்று இருந்தது. என்னவென்று கேட்டேன். வாங்கிய விலையிலிருந்து இன்றைய விலையைக் கழித்தால் வருவதாம். "வயித்தெரிச்சல், தம்பி" என்றார். 'பார்த்தாச்சு' என்று ஒரு கட்டம் மட்டும் அதில் இல்லை.

அமெரிக்காவில் படங்கள் வட்டாக வெளிவரும் கிழமை நெடுநாளாகச் செவ்வாய். டிஜிட்டல் கடைகளில் வாராந்தரத் தள்ளுபடி மாறுவதும் பெரும்பாலும் அன்றைக்குத்தான். செவ்வாய் வெறுவாய் என்று சொல்லி, அன்றைக்கு ஒரு தீப்பெட்டிகூட வாங்கவிடாத தாயாருக்குப் பிள்ளையாகப் பிறந்தவர், செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்பே எழுந்து, போர்வைக்குள்ளேயே போனைப் பிடித்துக்கொண்டு கூறு பார்க்கிறார். சீப்சார்ட்ஸ் என்று ஒரு செயலி. எந்தப் படம் எந்த நாளில் என்ன விலை விற்றது என்று கோடு போட்டுக் காட்டும். பங்குச் சந்தைக்காரர்கள் பார்ப்பது போன்ற கோடு. அது இறங்கினால் அவர் முகம் மலரும். ஒரே நிபந்தனை, அவர் வாங்குவதற்கு முன்னால் இறங்க வேண்டும்.

ஆறு மணிக்கெல்லாம் எனக்குப் போன் வரும்.

"தம்பி, முழிச்சாச்சா? ஜாஸ் விழுந்திருக்கு. சுறா படம். நாலு பாகமும் சேத்து ஒரு கூறு. 24.99."

"முதல் பாகம் ஒன்றுதானே அண்ணாச்சி நல்லா இருக்கும்?"

"அது தனியா 14.99 ஆகுதுல்லா! பத்து டாலர் கூடப் போட்டா மூணு படம் சும்மா வருது."

கூறின் சூட்சுமம் இதுதான். 1975இல் ஸ்பீல்பெர்க் எடுத்த ஜாஸ் மேலே மினுங்குகிற காய். 1978, 1983, 1987 என்று அடுத்தடுத்து வந்தவை அடியில் கிடப்பவை. நாலாவது பாகத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1987 ஆஸ்கர் விழாவில் சிறந்த துணை நடிகர் என்று மைக்கேல் கெய்னின் பெயரை அறிவித்தபோது மேடைக்கு வர ஆள் இல்லை. அவர் இந்தச் சுறா படப்பிடிப்பில் இருந்தார். நடித்தவருக்கே இவ்வளவு நஷ்டம் கொடுத்த படத்தை அண்ணாச்சி பத்து டாலரில் மூன்றில் ஒரு பங்குக்கு வாங்கியிருக்கிறார். லாபம்தான்.

வாங்கியதை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. 2017 அக்டோபரில் மூவீஸ் எனிவேர் என்று ஒரு ஏற்பாடு வந்தது. டிஸ்னி, வார்னர், யுனிவர்சல், சோனி, ஃபாக்ஸ் ஆகிய ஐந்து வீட்டுக்காரர்களும் அதில் சேர்ந்தார்கள். இவர்கள் படத்தை ஒரு கடையில் வாங்கினால், இணைத்து வைத்திருக்கும் மற்றக் கடைகளின் அலமாரியிலும் அது தானாக வந்துவிடும். பாரமவுண்டும் லயன்ஸ்கேட்டும் சேரவில்லை. "அவுகளுக்கும் இவுகளுக்கும் கொள்வினை கொடுப்பினை கெடையாது" என்பார் அண்ணாச்சி. அதனால் அவருடைய டைட்டானிக், வாங்கிய கடையிலேயே தனியாக மிதந்துகொண்டிருக்கிறது. மற்றவை எல்லாம் நாலு கடையில் நாலு இடத்தில் தெரியும். ஒரே படம் நாலு இடத்தில் இருப்பதைப் பார்த்தால் அவருக்கு நாலு படம் வாங்கிய திருப்தி.

இவ்வளவும் சந்தோஷப் பகுதி. இனி துக்கப் பகுதி.

போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி ஹாரி பாட்டர் கூறு வாங்கினார். ஏழு புத்தகம், கடைசிப் புத்தகத்தை இரண்டாக வகிர்ந்து எட்டுப் படம், 2001இலிருந்து 2011 வரை வந்தவை. 79.99 டாலர். படத்துக்குப் பத்து டாலர். அன்று மாலையே என்னைக் கூப்பிட்டு எட்டுப் போஸ்டர்களையும் டிவியில் வரிசையாகக் காட்டினார். பேரப்பிள்ளைகளைக் காட்டுவதுபோல் ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

அடுத்த செவ்வாய், நன்றி நவிலல் பண்டிகைத் தள்ளுபடி ஆரம்பித்தது. அதே எட்டுப் படம், அதே கடை, 49.99.

அன்றைக்கு எனக்குப் போன் வரவில்லை. அண்ணாச்சி மனைவி, மதினிதான் கூப்பிட்டார். "தம்பி, காலையிலேர்ந்து ஒரு வா காப்பி குடிக்கல. நீங்க வந்து ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்க" என்றார். துட்டி கேட்கப் போகிறவனைப் போல் போனேன். அண்ணாச்சி சோபாவில் சாய்ந்திருந்தார். டிவி அணைந்திருந்தது. நான் உட்கார்ந்ததும், "முப்பது டாலர், தம்பி" என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

அடுப்படியிலிருந்து மதினி குரல் வந்தது. "ஆனி மாசக் கடைசியில போயி யாராவது பட்டுச்சேலை எடுப்பாகளா? அடுத்த வாரம் ஆடின்னு ஊருக்கே தெரியும். இவுகளுக்குத்தான் தெரியாது."

அண்ணாச்சியின் துக்கத்துக்குப் பணம் காரணமில்லை. போன மாதம் கார் பஞ்சராகி நடுரோட்டில் நின்றபோது நானூறு டாலர் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தவர் அவர். பிறகு ஏன் முப்பது டாலருக்கு இந்த மௌனம்? ரொம்ப நாள் யோசித்தேன். பிடிபட்டது.

நம் ஊரில் பேரம் வாங்குவதற்கு முன்னால் நடக்கிறது. நூறு என்பான், நாற்பது என்போம், பத்தடி போவது போல் போவோம், கூப்பிடுவான், அறுபதில் முடியும். முடிந்தால் முடிந்ததுதான். பையில் போட்ட பிறகு கத்தரிக்காய்க்கு விலை கிடையாது, குழம்புதான். அமெரிக்கத் திரைக்கடையில் பேரம் பேச ஆள் இல்லை. ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டால் ஒரு சின்ன வட்டம் சுற்றுகிறது, அவ்வளவுதான். அண்ணாச்சியின் நாக்கில் மூன்று தலைமுறையாக ஊறிய பேரம் வெளியே வர வழியில்லாமல் தொண்டையில் நிற்கிறது. பேசாத அந்தப் பேரத்தைத்தான் அவர் வாங்கிய பிறகு பேசுகிறார். கடைக்காரனோடு அல்ல, விலையோடு.

இந்த நாடும் அவருக்கு அந்த ருசியைக் காட்டிக் கெடுத்திருக்கிறது. காஸ்ட்கோவில் வாங்கிய பொருளின் விலை 30 நாளுக்குள் இறங்கினால், ரசீதைக் காட்டி வித்தியாசத்தைத் திரும்பக் கேட்கலாம். முதல் முறை அப்படி ஒரு பாத்திர செட்டுக்குப் பதினைந்து டாலர் வாங்கி வந்த நாளில், அமெரிக்கக் குடியுரிமை கிடைத்த நாளைவிட அதிகமாக மகிழ்ந்தார். சிட்டி வங்கி தன் கிரெடிட் கார்டுக்கு விலை இறக்கக் காப்பு என்று ஒரு வசதி வைத்திருந்தது. வாங்கிய பிறகு வேறு கடையில் விலை இறங்கினாலும் வித்தியாசத்தை வங்கி கொடுத்துவிடும். 2019இல் அதை நிறுத்திவிட்டார்கள். அந்த வருடத்தை அண்ணாச்சி, அப்பா தவறிய வருடத்தைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்.

ஆனால் கையால் தொட முடியாத சரக்குக்கு அந்தச் சலுகை செல்லாது. படம் வாங்கிய கடையின் பெயர் இங்கே எதற்கு? எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான். அந்தக் கடையின் 'குறை தெரிவிக்க' என்ற பக்கத்தைத் திறந்தோம். பணம் திரும்பக் கேட்பதற்கான காரணத்தை ஒரு பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். தெரியாமல் வாங்கிவிட்டேன். படம் ஓடவில்லை. எதிர்பார்த்ததுபோல் இல்லை. என் அனுமதி இல்லாமல் குழந்தை வாங்கிவிட்டது. மேலும் கீழும் இழுத்துப் பார்த்தோம். 'விலை இறங்கிவிட்டது, நெஞ்சு பொறுக்கவில்லை' என்று ஒன்று இல்லை.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "குழந்தைன்னு போட்டுரலாமா?" என்றார்.

அவர் பிள்ளைகளில் மூத்தவனுக்குப் பத்தொன்பது வயது. தாடி வைத்திருக்கிறான். "அப்பா, பொய் சொல்லாதீங்க" என்று மாடியிலிருந்தே கத்தினான்.

கடைசியில் கடை ஆளோடு எழுத்தில் உரையாடினோம். முக்கால் மணி நேரம். அண்ணாச்சி நடந்ததை நடந்தபடி எழுதினார். நடுவில், நான் இந்தக் கடையின் பழைய வாடிக்கையாளர், என்னிடம் அறுநூறு படத்துக்கு மேல் இருக்கிறது என்று இரண்டு முறை சேர்த்துக்கொண்டார். எதிர்முனையில் இருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எட்டில் எதையாவது திறந்து பார்த்தீர்களா?

இல்லை.

அப்படியானால் 79.99ஐத் திருப்பித் தருகிறோம். இன்றைய விலைக்கு மறுபடி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கி 14 நாளுக்குள், திறக்காத படத்துக்கு மட்டும்தான் இது.

அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். முப்பது டாலர்! மதினி கேசரி கிண்டினார். அண்ணாச்சி அந்த வெற்றிக் களிப்பில், மிச்சம் பிடித்த முப்பதிலிருந்து 24.99 எடுத்து, போன வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்த சுறாக் கூறை வாங்கினார். "அஞ்சு டாலர் அப்பவும் லாபம்" என்று கேசரியை வாயில் போட்டுக்கொண்டார். மதினி என்னைப் பார்த்து, "கூறு கூறா வாங்குதாக. கொஞ்சம் கூறு இருந்தா நல்லாருக்கும்" என்றார். தெற்கத்திச் சீமையில் கூறுகெட்டவன் என்றால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்களுக்கு இது போதும்.

அந்த உரையாடலில் ஒரு வாக்கியம் அண்ணாச்சி மனதில் கல்வெட்டாகிவிட்டது: திறக்காத படத்துக்கு மட்டும்தான். அன்று முதல் வீட்டில் ஊரடங்கு. 49.99 இன்னும் இறங்கலாம். இறங்கினால் மறுபடி கேட்கலாம். கேட்க வேண்டுமென்றால் யாரும் பார்த்திருக்கக் கூடாது. ஆகவே புதிதாக வாங்கும் எந்தப் படத்தையும் 14 நாளைக்கு யாரும் தொடக்கூடாது. டிவி ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். விருந்தாளிப் பிள்ளைகள் டிவி பக்கம் போனால் அண்ணாச்சிக்கு வியர்க்கும்.

மூத்தவன் ஒருநாள் அவரிடம் மல்லுக்கு நின்றான். "அப்பா, இது உங்க படமே கிடையாது, தெரியுமா? நீங்க வாங்கினது லைசென்ஸ்தான்." அவன் சொன்னதில் தப்பில்லை. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. இப்படிப்பட்ட டிஜிட்டல் சரக்குக்கு 'வாங்கு' என்று பொத்தான் வைத்தால், நீங்கள் பெறுவது உரிமம்தான், சொத்து அல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். 2009இல் ஆர்வெல்லின் '1984' நாவலை, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்துவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டது. அல்ட்ராவயலட் என்று பல சினிமா நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய பெட்டகம் ஒன்று இருந்தது. 2019 ஜூலை 31இல் அதை மூடிவிட்டார்கள். மூடுவதற்கு முந்தின இரவு அண்ணாச்சி விடிய விடிய உட்கார்ந்து, வெள்ளத்தில் பாத்திரம் பண்டம் எடுப்பதுபோல் தன் படங்களை வேறு கடைகளோடு இணைத்துக் கரையேற்றினார்.

"சரிடே. லைசென்ஸ்னே வச்சுக்க. அந்த லைசென்ஸ 79.99க்கு வாங்குனவன் மடையனா, 49.99க்கு வாங்குனவன் மடையனா? அதச் சொல்லு" என்றார் அண்ணாச்சி. பையன் படியேறிப் போய்விட்டான்.

டிசம்பர் விடுமுறை வந்தது. பையனுக்கும் தங்கைக்கும் காலேஜ், பள்ளிக்கூடம் இல்லை. வெளியே பனி. அம்மா, ஹாரி பாட்டர் பார்க்கணும் என்று சின்னவள் ஆரம்பித்தாள். அண்ணாச்சியோ, கிறிஸ்துமஸ் முடியட்டும், புது வருஷம் பிறக்கட்டும், விலை எங்கே நிற்கிறது பார்ப்போம் என்றார். 14 நாள் முடியும் சமயத்தில் எப்படியோ காரணம் சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்கி மறுபடி வாங்கியிருந்தார். கெடு புதுப்பிக்கப்பட்டுவிட்டது.

மதினி பேசவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு காரை எடுத்தார். அரைமணியில் திரும்பி வந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே எட்டு டிவிடி, ஒவ்வொன்றின் முதுகிலும் ஊர்ப் பொது நூலகத்தின் ஸ்டிக்கர். வாடகை இல்லை, கட்டணம் இல்லை. அட்டையைக் காட்டினார், கொடுத்தார்கள்.

தன்னிடம் 612 படம் வைத்திருக்கும் அண்ணாச்சியால் ஒன்றைக்கூட இப்படி எடுத்து என் கையில் கொடுக்க முடியாது. நூலகம் தருகிறது. இதற்குக் காரணமும் ஒரு விலை இறக்கம்தான் என்று நான் சொன்னபோது அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். அமெரிக்காவில் ஒரு பதிப்பாளர் தன் நாவலில், இதை ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று அச்சடித்து வெளியிட்டார். நியூயார்க்கின் மேசீஸ் கடை அதை 89 சென்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு தடவை விற்றுவிட்ட பிறகு, அந்தப் பிரதியை அடுத்தவன் என்ன விலைக்கு விற்கிறான் என்று கேட்கக் காப்புரிமைக்காரனுக்கு அதிகாரமில்லை என்று 1908இல் தீர்ப்பானது. வாங்கிய பிரதி வாங்கியவனுக்கே. விற்கலாம், கொடுக்கலாம், இரவல் விடலாம். பழைய புத்தகக் கடையும் நூலகத்தின் டிவிடி அலமாரியும் நிற்பது அந்த அடித்தளத்தில்தான். கையில் பிரதி இல்லாத டிஜிட்டல் படத்துக்கு அது பொருந்தாது.

அண்ணாச்சி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். பிறகு, "பதினோரு சென்டுக்கா உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாக? மனுசன்னா அப்படில்லா இருக்கணும்!" என்றார்.

அந்த வாரம் எட்டுப் படத்தையும் குடும்பத்தோடு பார்த்தார்கள். எட்டும் சேர்ந்து இருபது மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு இரவு நானும் போயிருந்தேன். பரணில் கிடந்த பழைய டிவிடி பெட்டியைத் தூசி தட்டி மாட்டியிருந்தார்கள். மூன்றாம் வட்டில் கீறல், நடுவில் இரண்டு முறை நின்றது. சின்னவள், "அப்பா, நம்மகிட்ட இதே படம் கீறல் இல்லாம இருக்குல்ல?" என்று கேட்டாள். அண்ணாச்சி வட்டைப் பனியன் நுனியால் துடைத்துக்கொண்டே, "இருக்கு கண்ணு. பத்திரமா இருக்கு" என்றார்.

வட்டுகளைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய எட்டும் இன்றைக்கும் கருக்கழியாமல் அலமாரியில் இருக்கின்றன. புதுப்பித்த 14 நாள் கெடுவும் முடிந்துவிட்டது, இனிக் கடையில் பேச்சுக்கு இடமில்லை. நேற்று செவ்வாய்க்கிழமை. அண்ணாச்சி காய்ச்சலில் படுத்திருந்ததால் போனைப் பார்க்கவில்லை, அவருக்காக நான் பார்த்தேன். 44.99.

நான் சொல்லவில்லை. எடிசன் பக்கம் வந்தால் நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.